அந்த வருஷத்துப் புதுப் பொம்மை

2024 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, தேதி பார்த்து, உள்ளே வைத்தேன். காபிக்கு முன்னால் என் மனைவியின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலில் முடிப்பேன். பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. அவளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் கடந்துவிட்டது. பேச்சு சில மாதங்களில் திரும்பியது. ஊன்றுகோலோடு நடையும் ஓரளவு வந்தது. கை வரவில்லை. நான் மடக்கினால் விரல்கள் மடங்கும், விட்டால் மெல்லத் தங்கள் பழைய இடத்துக்கே போய்விடும்.

அன்று அவள் கையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மகாளய அமாவாசை. கொலுப்படியை இறக்கி வைக்க வேண்டிய நாள்.

“எப்போ போறேள்?” என்றாள்.

“மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். சாப்பிட்டுட்டு நேரா கழக்கூட்டம் பஸ்தான்.”

“குடை எடுத்துக்கோங்கோ. பொம்மைக்காக்கும் சொல்றேன், உங்களுக்கில்லை.”

அவள் இப்படிக் கேலியாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. குடையை அப்போதே ஆபீஸ் பையில் வைத்தேன்.

கொலுவில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது மலையாளத்து ஊரில் தமிழர் தெருக்களான எங்கள் வலியசாலையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பழவங்காடிப் பக்கத்துக் கடைகளில் புரட்டாசி பிறந்ததும் போய் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் மட்டும், கல்யாணமான வருஷத்திலிருந்து, அந்த ஒன்று அவள் செய்ததாகவே இருந்தது. சாமி பொம்மை செய்ய மாட்டாள். “அதெல்லாம் கடையிலேயே லட்சணமாக் கிடைக்கறது” என்பாள். அவள் செய்தவை லாட்டரிச் சீட்டு விற்கிறவர், ரேஷன் கடையில் பையோடு நிற்கும் பெண், கேன்டீனில் டீ ஆற்றுகிறவர், ஒரு வருஷம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். பார்க்க வருகிறவர்கள் மேல்படியில் இருக்கும் தெய்வங்களைக் கும்பிட்டுவிட்டு, கீழ்ப்படிக்குக் குனிந்து, “இது அந்தப் பாலத்துக்குக் கீழே லாட்டரி விக்கறவன்தானே?” என்று சிரிப்பார்கள். அதைக் கேட்பதற்காகவே அவள் ஒன்பது நாளும் கொலுவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

முகத்தை அவள் செய்யும் விதம் எனக்குத் தெரியும். முதலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்படி செய்துவிடுவாள். அப்போது அது யாருடைய முகமாகவும் இருக்காது. களிமண்ணின் ஈரம் போவதற்கு முன், கடைசி வேலையாக, வலது கட்டைவிரலால் ஒரு பக்கத்தில் ஒரே ஓர் அழுத்து. எங்கே, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். லாட்டரிக்காரருக்குக் கன்னத்தில், வெற்றிலையை அதக்கிக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிட்டது. மீட்டர் பார்க்கிறவருக்குக் கண்ணுக்குக் கீழே. தொகையைச் சொல்லச் சங்கடப்படுகிற முகம் வந்துவிட்டது. தப்பினால் சரிசெய்ய முடியாது, மொத்தத்தையும் பிசைந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். அவளுடைய பொம்மைகள் எல்லாமே கொஞ்சம் கோணல்தான். அந்தக் கோணலைத்தான் எல்லாரும் மெச்சினார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் களிமண்ணைப் பிசைந்து பார்த்தாள். ஒரு கை பிசைய வேண்டும், ஒரு கை பிடிக்க வேண்டும். உருண்டை மேஜைமேல் நகர்ந்துகொண்டே போயிற்று. நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். “ரெண்டு பேர் பிடிச்சா அது சப்பாத்தி மாவு” என்று துணியைப் போட்டு மூடிவிட்டாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் புதுப் பொம்மையைக் கடையில் வாங்கினேன். கூட வா என்றால் வரவில்லை. கருடன்மேல் பெருமாள் ஒரு வருஷம், கோலாட்டம் ஆடும் பெண்கள் மறு வருஷம். இரண்டையும் படியின் ஓரத்தில் வைக்கச் சொன்னாள். அந்த நவராத்திரிகளில் அவள் நாற்காலி உள்ளறையில் இருந்தது.

கடைசியாகப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவள் விரல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வரேண்டதெல்லாம் வந்நு கழிஞ்ஞு” என்றார். வர வேண்டியதெல்லாம் வந்தாகிவிட்டது, இனி இருப்பதை வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று அர்த்தம். நல்ல மனிதர். கனிவாகத்தான் சொன்னார்.

மாசி மாதத்தில், கலைஞர்களுக்கும் கைவேலை செய்கிறவர்களுக்கும் கம்ப்யூட்டரில் உருவம் செய்து அச்செடுக்கக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு என்று பேப்பரில் சின்னதாக ஓர் அறிவிப்பு வந்தது. முன்னனுபவம் தேவையில்லை என்று இருந்தது. கத்தரித்து வைத்தேன். ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஒரு நூலகத்தின் மாடி ஹால். கதகளி கிரீடம் செய்கிறவர்கள், தேங்காய்ச் சிரட்டையில் வேலை செய்கிறவர்கள், நகைக்கு மெழுகு மாதிரி எடுக்கிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வகுப்பு எடுத்தவர் கழக்கூட்டத்தில் த்ரீடி பிரிண்டர் கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினார்.

டேப்லெட் திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை இருந்தது. விரலை வைத்து இழுத்தால் மூக்காக நீண்டது, அழுத்தினால் கண்குழியானது, தேய்த்தால் வழவழப்பானது. தப்பாகப் போனால் மேலே வளைந்த அம்புக்குறி ஒன்று உண்டு. அதைத் தொட்டால் கடைசியாகச் செய்தது இல்லாமல் போய்விடும். உருண்டை நகரவில்லை. யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் இடது ஆள்காட்டி விரலை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். “இன்னா பாருங்க அக்கா, இந்தப் பட்டன ஆன் பண்ணிக்கிடுங்க. நீங்க ஒரு பக்கம் செஞ்சாப் போரும், மறுபக்கத்த அதுவே செஞ்சுக்கிடும். ஒங்களுக்குப் பாதி வேலதான்.”

“எனக்கும் பாதி ஒடம்புதான் வேலை செய்யறது. ஜாதகம் பொருந்தறதே” என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். அவளே முதலில் சிரித்தாள். அவள் சிரித்தால் இப்போது இடது பக்கம் மட்டும்தான் மேலே போகும்.

டேப்லெட்டும் அதற்கான பேனாவும் வாங்கினேன். பெட்டியைத் தூக்கிப்போடாமல் அதன் அட்டை மடிப்புகளோடு அலமாரியில் வைத்தேன். நான் எந்தப் பெட்டியையும் போடுவதில்லை. மேஜையில் நழுவாமலிருக்க ரப்பர் விரிப்பு ஒன்றை அளந்து வெட்டினேன். பேனா அவளுக்கு ஒத்துவரவில்லை. விரலாலேயே செய்தாள். முதல் வாரங்களில் அந்தப் பட்டனைப் போட்டுக்கொண்டு நிறைய முகங்கள் செய்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முகம் வந்துவிடும். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் காட்டுவாள்.

“நன்னாருக்கே” என்பேன்.

“என்ன நன்னாருக்கு? எல்லாம் கல்யாண மண்டபத்து வாசல்ல கை கூப்பிண்டு நிக்கற பொம்மை. யாரு வந்தாலும் வாங்கோங்கும்.”

ஜூனில் ஒரு நாள் பட்டனை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு போடவே இல்லை. அன்றிலிருந்து வேலை மெதுவாகிவிட்டது. சாயங்காலங்களில் நான் பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கன்னத்தில் ஓர் அழுத்து, பிறகு அம்புக்குறி. திரும்ப அதே இடத்தில் ஓர் அழுத்து, திரும்ப அம்புக்குறி. விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. பொம்மை என்னவென்று மட்டும் ஒருமுறை கேட்டேன்.

“பாத்தா தெரியும்” என்றாள்.

செப்டம்பரில் முடித்தாள். கடைக்காரர் தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் அனுப்பச் சொல்லியிருந்தார். அப்போதுதான் அச்சு சுத்தமாக வருமாம். களிமண் பொம்மையிலும் தலையைத் தனியாகச் செய்து குச்சியில் செருகுவதுதான் முறை என்பதால் அவளுக்கு அது புதிதாக இல்லை. அனுப்புகிற வேலை என்னுடையது. அப்போதுதான் முழு உருவத்தையும் திரையில் பார்த்தேன். நீளமான பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கையை மறு கை பிடித்திருந்தது. முகத்தின் வலது பக்கம் இறங்கி, வாய் ஓரம் கீழே போயிருந்தது.

“தெரியறதா?” என்றாள்.

“தெரியறது” என்றேன்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதைத்தான் சொன்னேன். அவள் வர்ணம் வேண்டாம், சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதி அனுப்பினேன்.

அன்று, அக்டோபர் முதல் தேதி, பஸ் கழக்கூட்டத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் வெகுநேரம் நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. கடை ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்குக் கீழே, மொபைல் கவர் விற்கும் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஸ்பிரிட் வாடை. ஆரஞ்சு நிற மூடி போட்ட இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த திரவத்திலிருந்து யாருக்கோ உரிய ஒரு பல்செட்டின் மாதிரி, தலைகீழாகத் தொங்கியபடி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, பஞ்சில் சுற்றியிருந்த பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தார். “அக்காவுக்க வேலையாச்சே. நானே ஒக்காந்து தேச்சு எடுத்தேன் சார். சின்னதா ஒரு டச்சப்பும் பண்ணியிருக்கேன்.”

நான் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். பெஞ்சின் கால்கள் நான்கும் சமமாக நின்றன. விரலால் தட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. கழுத்தில் இடைவெளி இல்லை. அச்சின்போது தாங்குவதற்கு வரும் குச்சிகளின் தடம் எங்கும் மிஞ்சவில்லை. விரல்கள் உடையவில்லை. முகம் திரையில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கண்களும் கன்னங்களும் வாயும் நேராக, அமைதியாக இருந்தன. அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. திரும்பப் பஞ்சில் சுற்றி, டிபன் பையில் வைத்து, பையைக் குடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். என் வலது தோள் நனைந்தது.

வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு மாமி உட்கார்ந்திருந்தார். கொலுவுக்குச் சுண்டல் எந்தெந்த நாள் என்று பங்கு பிரிக்க வந்தவர், பொம்மை வரும் என்று தெரிந்ததும் எழுந்திருக்கவில்லை.

“எடுங்கோ, எடுங்கோ. ரெண்டு வருஷமா கடைப் பொம்மைய வச்சுச் சமாளிச்சா. இந்த வருஷமாவது என்னமோ கம்ப்யூட்டர் பொம்மையாம், பாக்கலாம்.”

என் மனைவி பையைத் தன் பக்கம் இழுத்து, இடது கையாலேயே பஞ்சை ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். முதலில் பெஞ்சு தெரிந்தது. பிறகு மடி, கைகள். கைகளை விரலால் தடவிப் பார்த்தாள். கடைசிச் சுற்றையும் பிரித்தாள். பொம்மையைத் திருப்பவில்லை, தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் புன்னகை செய்தேன் என்று நினைக்கிறேன்.

“அடியே!” என்றார் மாமி. “இது நீயேதானே! அச்சு அசல் நீ. தீனம் வரதுக்கு மின்னாடி இருந்த மாதிரியே பண்ணிட்டயே. எத்தரை லட்சணமா இருக்கு! கையைக் கோத்துண்டு, யாரோ வரப்போறான்னு காத்துண்டிருக்கற மாதிரி.”

“ஆமாம் மாமி.”

“பாரு, இனிமே ஒண்ணும் கவலையில்லை. இதைப் பண்ணினவளுக்குக் கை வரலைன்னு யாராவது சொல்லுவாளா? பழைய பொம்மையெல்லாம் ஒண்ணு இப்படிக் கோணிண்டு நிக்கும், ஒண்ணு அப்படி. இதாக்கும் பொம்மை.”

மாமி போகும்வரை அவள் சிரித்த முகமாகவே இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குக் கடலைச் சுண்டல் என்று ஒத்துக்கொண்டாள். கதவு சாத்திய பிறகு பொம்மையைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“இது யாரு?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் டேப்லெட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். திரையில் இறங்கிய முகம். மேஜையில் நேரான முகம். கைகளும் பெஞ்சும் ஒன்றுதான். முகம் இறங்கியிருந்தபோது, அந்த மடியில் இருந்தது வேலை செய்யாத கையை வேலை செய்கிற கை தூக்கிவைத்திருப்பது. முகம் நேரானதும் அது மரியாதையாகக் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளாக ஆகிவிட்டது. பெஞ்சு, பிசியோதெரபி அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சு. அதில் நானும் அவளும் எத்தனையோ காலை உட்கார்ந்திருக்கிறோம். அதைக்கூட நான் அப்போதுதான் அடையாளம் கண்டேன்.

நான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அவரே போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“அக்கா, பிடிச்சுதா?” குரலில் உண்மையான ஆவல் இருந்தது.

“முகத்துல என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பெருசா இல்லக்கா. ஒரு பக்கம் இறங்கிக் கெடந்துது. கை நடுங்கிப் போச்சு போலன்னு நினைச்சேன். அந்த நல்ல பக்கத்த எடுத்து மறுபக்கத்துல போட்டேன். ஒரே ஒரு பட்டன்தான்.”

“நல்ல பக்கம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

பின்னணியில் இயந்திரம் ஓடுவது கேட்டது.

“அக்கா… வேணும்னே செஞ்சதா அது?”

“ஆமாம்ப்பா.”

“ஐயோ. எனக்குத் தெரியாதேக்கா. நீங்க ஒண்ணும் நினைக்காண்டாம், இப்பவே திரும்பப் போடுகேன். தலை மட்டும்தானே. காலம்பற நானே பைக்குல கொண்டு தாரேன்.”

“வேண்டாம்ப்பா. மழை பெய்யறது. நன்னாத்தான் இருக்கு.”

“அக்கா, ஒரு வாக்கு சொல்லுங்க, போட்டுத் தாரேன்.”

“வேண்டாம்னு சொன்னேனே. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நீ போய்ச் சாப்பிடு.”

போனை வைத்ததும் நான் சொன்னேன், அவர் தருகிறேன் என்கிறாரே, வாங்கிக்கொள்ளலாம், நாளைக்கு முழு நாள் இருக்கிறது, எனக்கும் காந்தி ஜயந்தி விடுமுறை, நானே போகிறேன் என்று.

“திரும்பப் போட்டா என்ன ஆகும்?”

“நீ பண்ணினது வரும்.”

“வந்தா? மாமி பாத்துட்டு, பாவம், எடது கையால இவ்வளவு பண்ணினதே பெரிசுன்னு சொல்லுவா. அப்பவும் நன்னாருக்கும்பா. என் கை நன்னாருந்தப்போ நான் கோணலாப் பண்ணினா, சாயலை எப்படித்தான் பிடிக்கறயோன்னா. இப்போ கோணலாப் பண்ணினா கை நடுங்கிடுத்துங்கறா. இனிமே நான் எதைப் பண்ணினாலும் அது இந்தக் கைதான். நான் இல்லை.”

“நான் எல்லார்ட்டயும் சொல்றேன்.”

“என்னன்னு?”

“நீ வேணும்னே பண்ணினதுன்னு.”

“செரி. ஒம்பது நாளும் வாசல்ல நின்னுண்டு சொல்லுங்கோ. வெத்தலை பாக்கும் நீங்களே குடுத்துடுங்கோ.”

சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குச் சமாதானமாகிற நேரத்தில், “கடையில இதைப் பாத்தேளோல்லியோ?” என்றாள்.

“பாத்தேன்.”

“பெஞ்சுக் கால் ஆடறதான்னு தட்டிப் பாத்திருப்பேள்.”

“ஆமாம்.”

“மொகத்தப் பாத்து என்ன தோணித்து?”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் அது செல்லாது. “நன்னா வந்திருக்குன்னு தோணித்து” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமில்லை. சமையலறையில் பால் பொங்குகிறதா என்று கேட்பவள்போல் சாதாரணமாக, “அன்னிக்குத் தெரியறதுன்னு சொன்னேளே” என்றாள்.

“பெஞ்சும் பொம்மனாட்டியும் தெரிஞ்சுது.”

“ஓ.”

அந்தச் சாயங்காலங்கள் எனக்கு நினைவு வந்தன. அழுத்து, அம்புக்குறி, அழுத்து, அம்புக்குறி. நான் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்து, வரவில்லை என்று நினைத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அவள் தன் கன்னம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்திருக்கிறாள். மேஜையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருந்தது. தலை வாருவதற்கு என்று எண்ணியிருந்தேன். அதற்காக மேஜை விளிம்பில் ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தேன்.

“கொலுவுல வைக்க வேண்டாமா அப்போ?” என்று கேட்டேன். புதிதாக ஒன்று இல்லாமல் கொலு வைத்ததில்லை.

“வைக்கலாமே. புதுசு ஒண்ணு வேணுமே. கருடனுக்குப் பக்கத்துல வச்சுடுங்கோ. மூணாவது வருஷமும் கடைப் பொம்மைன்னு நினைச்சுண்டாப் போறது.”

இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்தேன். அவள் இரண்டு சாப்பிட்டாள். மாத்திரை கொடுத்தேன். கையை மடக்கி நீட்ட உட்கார்ந்தபோது, “இன்னிக்கு வேண்டாம்” என்றாள். இதுவரை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. டைரியில் கழக்கூட்டம் போய் வந்ததையும் மழையையும் எழுதினேன். பொம்மை வந்தது என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

அக்டோபர் 2, புதன்கிழமை. எனக்கு முன்பே அவள் எழுந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டேப்லெட்டைத் துடைத்து, பேனாவையும் சார்ஜரையும் அதன்மேல் வைத்து, ரப்பர் விரிப்பை ஒற்றைக் கையால் சுருட்டியிருந்தாள். திரை அணைந்திருந்தது. “பெட்டி வச்சிருக்கேளோன்னோ?” என்றாள். வைத்திருந்தேன். மோட்டார் போடவில்லை, பால் எடுக்கவில்லை. குளித்துத் தர்ப்பணத்துக்கு உட்காரும் வேலையும் அப்படியே கிடந்தது. முதல் வேலையாக அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, எல்லாவற்றையும் அதனதன் பள்ளத்தில் பொருத்தி மூடினேன். மூடி சரியாக உட்கார்ந்தது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து கொலுப்படியை இறக்கி, அது இருந்த இடத்தில் அந்தப் பெட்டியை வைத்தேன்.